பழனாத்தாக்காவுக்குப் பதினஞ்சு நாள்

ஜூன் 4, ஞாயிறு

நாளைக்குப் பழனாத்தாக்கா வர்றாங்க. இவரோட காலமான அண்ணன் சம்சாரம். எனக்கு ஓரகத்தி. கூட்டிட்டு வர இவரே காலைல கோபிக்குக் கிளம்பிப் போயாச்சு. தனக்கு முழங்கால் வலின்னு மார்க்கெட்டுக்குக்கூட வராதவர், அண்ணின்னா மட்டும் பஸ் படியில தாவி ஏறுவார்.

அக்காவுக்கு நுரையீரல்ல புத்து. நாலாவது கட்டம், சிறுநீரகத்துக்கு மேல இருக்கற சுரப்பியிலயும் ஒரு துளி போயிருச்சுன்னு சொல்லிட்டாங்க. வயசு அறுபத்தெட்டு. பீடி, சிகரெட் வாடையே ஆகாதவங்க. இங்க கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஏதோ ஆராய்ச்சி நடக்குதாம். அதுல சேத்துக்கறாங்களான்னு பாக்கணும். நம்ம வீட்டுல இருந்து ஆட்டோவுல பத்து நிமிஷம்தான். அதனால தங்கல் இங்க.

தாரணியோட ரூமை ஒழிச்சுட்டேன். அவ புனேக்கு வேலைக்குப் போனதுல இருந்து அந்த ரூம் இஸ்திரித் துணி போடறதுக்குத்தான் ஆகிட்டிருந்துச்சு. அக்கா இந்த வீட்டுல தங்கி இருபத்தேழு வருஷம் ஆச்சு. கல்யாணம் காதுகுத்துன்னு மண்டபத்துல பாத்துக்குவோம். "வாங்க", "சாப்பிட்டீங்களா", அதோட சரி. காரணம்னு எழுதற அளவுக்குப் பெருசா ஒண்ணுமில்ல.

மெத்தை உறை மாத்தினேன். அலமாரி மேல இருந்த தாரணியோட சின்ன வயசு போட்டோவை எடுத்து உள்ள வெச்சேன். தூசியா இருந்துச்சு.

ஜூன் 5, திங்கள்

வந்துட்டாங்க. பாதி ஆளா ஆயிட்டாங்க. ரெண்டு மாடி ஏறி வந்து, திறந்த கதவுக்கு வெளியவே நின்னுட்டு, "உள்ள வரட்டுமா அம்மிணி?"ன்னு கேட்டாங்க.

"இதென்னுங்க்கா கேள்வி, வாங்க"ன்னேன்.

பையில அரைப்படி தட்டைப்பயறு, கம்பு, ஒரு கட்டு முருங்கைக்கீரை. சீக்கு வந்தவங்க சீர் கொண்டு வர்றாங்க. கீரையை உடனே ஆய்ஞ்சு வெச்சேன். நல்ல கீரைதான்.

ஜூன் 6, செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டர் ஹசீனா. சின்ன வயசு, மூக்கு நுனியில கண்ணாடி. ஒவ்வொரு வார்த்தையும் அக்காவைப் பாத்தே பேசினாங்க, என்னையோ இவரையோ பாத்து இல்ல. அது எனக்குப் புடிச்சுது.

"நம்ம உடம்புலயே காவல்காரங்க இருக்காங்கம்மா. புத்து அவங்களை ஏமாத்தித் தூங்க வெச்சிருது. மூணு வாரத்துக்கு ஒருக்கா ஒரு ஊசி போடுவோம், அது அவங்களை எழுப்பிவிடும். அதோட கரண்ட்டும், அதான் கதிர்வீச்சும், வெச்சா, புத்து உடைஞ்சு, திருடன் இவன்தான்னு காவலுக்கு அடையாளம் தெரியும்னு நம்பறோம்."

"செரிங்க, வெச்சிருங்க"ன்னாங்க அக்கா.

"அதுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பெரிய அளவா அஞ்சே தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். இன்னொண்ணு, சின்னச் சின்னதாப் பதினஞ்சு நாள், தினமும். ஊசியோட சேத்து வெக்கறப்ப இதுல எது நல்லாக் கேக்கும், எது கம்மியாத் தொந்தரவு குடுக்கும்னு பாக்கறதுதான் இந்த ஆராய்ச்சி."

"உங்களுக்கு எது நல்லதுன்னு தோணுது?"ன்னு நான் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்கம்மா. நிஜமாவே தெரியாது. தெரிஞ்சிருந்தா அதையே எல்லாருக்கும் குடுத்திருப்போம். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிச் சொல்லும். இதுல சேர இஷ்டமில்லேன்னாலும் வைத்தியம் நிக்காது."

நான் இவரைப் பாத்தேன். இவர் தரையைப் பாத்தார். அக்கா சிரிச்சாங்க. "மூணு மாசமா எத்தனையோ டாக்டரைப் பாத்துட்டேன். தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். எங்க கையெழுத்துப் போடோணும்?"

வீட்டுக்கு வந்து விளக்கேத்தி, அஞ்சு நாளே விழணும்னு வேண்டிக்கிட்டேன். அக்காவுக்கு அலைச்சல் குறையுமேன்னுதான்.

ஜூன் 8, வியாழன்

பதினஞ்சு.

எங்களோடவே சேந்தவர் ஆரோக்கியசாமி. கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கார். அவருக்கு அஞ்சு விழுந்துச்சு. அவர் சம்சாரம் அங்கேயே சிலுவை போட்டுக்கிட்டாங்க.

அக்கா தண்ணி குடிக்கப் போனப்ப, இந்த ஆராய்ச்சி வேலையெல்லாம் பாக்கற பெனிட்டாங்கற பொண்ணுகிட்டப் போய், இவங்களுக்கும் அஞ்சா மாத்தித் தர முடியுமான்னு கேட்டேன். நாகர்கோவில் பக்கம் அவளுக்கு.

"முடியாதும்மா. அவங்கவங்க கேட்டதைக் குடுத்தா, தெம்பா இருக்கறவங்க ஒரு பக்கம், முடியாதவங்க ஒரு பக்கம்னு சேந்துருவாங்க. அப்பறம் எது நல்லதுன்னு எப்படித் தெரியும்? வேண்டாம்னா ஆராய்ச்சியை விட்டு விலகலாம். அதுக்கு உரிமை இருக்கு. மாத்திக்கத்தான் முடியாது."

செரின்னு வந்துட்டேன். சும்மா கேட்டு வெச்சதுதான். அக்காகிட்டச் சொல்லலை.

"என்ன மணி, மொகம் சுருங்கிப் போச்சு?"ன்னாங்க.

"வெயிலுங்க்கா."

ஜூன் 9, வெள்ளி

நெஞ்சுல ஊதா மசியில கோடு போட்டு அனுப்பிட்டாங்க. கடைசி நாள் வரைக்கும் அழியக்கூடாதாம். குளிக்கறப்ப அந்த இடத்தை விட்டுட்டு ஊத்தணும். அக்காவுக்கு வலது கையைத் தூக்க முடியலை. நான்தான் முதுகு தேய்ச்சுவிட்டேன். முதுகெலும்பு ஒவ்வொண்ணும் எண்ணலாம். ரெண்டு பேருக்கும் கூச்சம். ரெண்டு பேரும் வாளியையே பாத்துட்டிருந்தோம்.

ஜூன் 12, திங்கள்

முதல் கரண்ட். உள்ள போய் நாலு நிமிஷத்துல வந்துட்டாங்க. "பாலு பொங்கற நேரம்கூட ஆகலை. இதுக்கா ஆட்டோ புடிச்சு வந்தோம்?"

கரண்ட் முடிஞ்சு வெளிய வந்தா கேன்டீன்ல ஆளுக்கு ஒரு வடை. இதுதான் இனி ஏற்பாடாம். இவர் முடிவு பண்ணிட்டார்.

ஜூன் 14, புதன்

மூணாவது கரண்ட், முதல் ஊசி. பாட்டில் சொட்டுச் சொட்டா இறங்க ஒரு மணி நேரம் ஆச்சு. அக்கா பாட்டிலைப் பாத்து, "எந்திரிங்கப்பா, விடிஞ்சு போச்சு"ன்னு காவல்காரங்களை எழுப்பினாங்க. நர்ஸ் பொண்ணு சிரிச்சு, கையில இருந்த பஞ்சைக் கீழ போட்டுட்டா.

நானும் சிரிச்சேன்.

ஜூன் 16, வெள்ளி

அஞ்சு முடிஞ்சுது. பச்சைப்பயறு கடைஞ்சேன். அக்கா ரெண்டாந்தரம் சோறு வாங்கினாங்க.

ஜூன் 18, ஞாயிறு

கரண்டுக்கு லீவு. மத்தியானம் துணி மடிச்சு வெக்கப் போனா, ரூம் கதவு லேசாத் திறந்திருக்கு. அக்கா போன்ல பேசிட்டிருக்காங்க. அந்தப் பக்கம் தாரணி குரல். "பெரிம்மா, மருந்து கசக்குதா? நெஞ்சு எரியுதா? அம்மா நல்லாப் பாத்துக்கறாங்களா?"

"உங்கம்மா பாக்கறதுக்கு என்ன கொறைச்சல் கண்ணு. ராணியாட்ட இருக்கறேன்."

அப்பறம்தான் பேச்சுல தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமையானா பேசுவாங்களாம். இன்னிக்கு நேத்து இல்ல, தாரணி காலேஜ் போன காலத்துல இருந்து. எனக்கு அவ செவ்வாய்க்கிழமை பேசுவா. வேலை, சாப்பாடு, மழை பெய்யுதான்னு பத்து நிமிஷம்.

எனக்கு ஒண்ணுமில்ல. பேசட்டும். பெரியம்மாதானே.

பொழுது சாஞ்சு வெச்ச ரசத்துல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன். இவர் ஒண்ணும் சொல்லாமக் குடிச்சார். அக்காவும்.

ஜூன் 21, புதன்

ஆரோக்கியசாமிக்கு அஞ்சும் முடிஞ்சுது. ஹால்ல இருந்த எல்லாருக்கும் மைசூர்பாகு குடுத்தார். அக்கா கையில ரெண்டு வெச்சு, "நீங்க ஏம்மா இன்னும் பாதியிலயே நிக்கறீங்க?"ன்னார்.

"நான் மெதுவாப் படிக்கற புள்ள. நீங்க டபுள் புரமோசன்"ன்னாங்க அக்கா.

ஜூன் 22, வியாழன்

இதை எழுதாம இருந்துரலாம்னு பாத்தேன். முடியலை.

ஒம்பதாவது கரண்ட் முடிஞ்சு உக்காந்திருந்தோம். பெனிட்டா வந்தா. பாவம், ஒண்ணும் மனசுல வெச்சுச் சொல்லலை. "பாத்தீங்களாம்மா, அன்னிக்கு அஞ்சு நாளா மாத்தித் தாங்கன்னு கேட்டீங்களே, இப்ப ஒம்பதே முடிஞ்சிருச்சு!"

அக்கா என் பக்கம் திரும்பலை. வடையும் வேண்டாம்னுட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் பையை எடுத்துச் சேலையை மடிச்சு வெக்க ஆரம்பிச்சாங்க.

"மிச்சம் ஆறு நாள்தானே. கோபியில இருந்தே வந்துட்டுப் போறேன்."

"போக வர அஞ்சு மணி நேரம் ஆகும் அண்ணி"ன்னார் இவர்.

"ஆகட்டும் தம்பி. பஸ்ஸுல உக்காந்துதானே வரப்போறேன்."

இவர் என்னைப் பாத்துட்டு ஹாலுக்குப் போய்ப் பேப்பரை விரிச்சுக்கிட்டார்.

"அலைச்சல் குறையுமேன்னுதான் கேட்டேனுங்க்கா."

பையை மடியில வெச்சு என்னை நேராப் பாத்தாங்க. "பொய் சொல்லாத மணி. உனக்கு வராது."

அப்பறம் எனக்கே தெரியாம வாய் திறந்துருச்சு. "ஆமா. சீக்கிரம் போயிருவீங்கன்னுதான் கேட்டேன். எம் பொண்ணு பதினஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழமை உங்ககூடப் பேசறா, எனக்குச் செவ்வாய்க்கிழமை. நீங்கதானே அவளை அப்படிப் பழக்கினீங்க. வாய் திறந்து அம்மான்னு அவ மொதல்ல கூப்பிட்டது உங்களைத்தானே!"

சொல்லிட்டு உக்காந்துட்டேன்.

ஆக, அந்தக் காரணத்தையும் எழுதித்தான் ஆகணும். தாரணிக்கு ஒண்ணரை வயசு. எனக்கு டெலிபோன் ஆபீஸ்ல ஷிப்ட். இவருக்குத் தருமபுரிக்கு மாத்தல். குழந்தை இல்லாத அக்காகிட்ட விட்டோம், ஆறு மாசத்துக்குன்னு. அது அஞ்சரை வருஷம் ஆச்சு. ஏழு வயசுல கூட்டிட்டு வரப் போனப்ப, அக்கா வழியனுப்பக்கூட வெளிய வரலை. அந்தப் புள்ளை பஸ்ல ஏறற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்து அழுதுச்சு. இங்க வந்து ஒரு மாசம் காய்ச்சல். என்கிட்ட வராது. அன்னிக்கு நினைச்சேன், என்ன கர்வம் இந்த மனுசிக்கு, வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா, புள்ளை மனசுல நம்மளைக் கெட்டவளாக்கிட்டாளேன்னு. இருபத்தேழு வருஷமா அதையேதான் நினைச்சுட்டிருந்தேன்.

அக்கா கொஞ்ச நேரம் இருமினாங்க. தண்ணி குடுத்தேன். வாங்கிக் குடிச்சாங்க.

"அவ என்னை அம்மான்னு கூப்பிட்டது நெசந்தான். கூப்பிட்டப்பெல்லாம், நான் பெரிம்மா கண்ணு, உங்கம்மா கோயமுத்தூர்ல போன் பேசற ஆபீஸ்ல இருக்கறான்னு சொல்லுவேன். பக்கத்து ஊட்டுக்காரி, ஒருக்காத்தான் ஊம் கொட்டேன், என்ன கொறைஞ்சு போகுதுன்னா. ஒரு நாளும் கொட்டலை மணி. கொட்டியிருந்தா நீ வந்தன்னைக்கு நான் குடுத்திருக்க மாட்டேன்."

டம்ளரை வாங்கிக் கீழ வெச்சேன்.

"நீங்க கிளம்பறப்ப மாட்டுச்சாளைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காந்திருந்தேன். நான் வாசல்ல நின்னா அவ பஸ்ஸு ஏறுவாளா? எங்க ஊட்டுக்காரரு வந்து கதவைத் தட்டி, போயிட்டாங்கன்னு சொன்ன பொறகுதான் வெளிய வந்தேன்."

"அதுக்கப்பறம் ஏனுங்க்கா இங்க ஒரு தரம்கூட வந்து தங்கலை?"

"எப்படி வர்றது? நான் வந்தா அவ என் மடிக்குத்தான் வருவா. நீ அடுப்படியில நின்னு பாத்துட்டிருப்பே. வராம இருந்தாத்தானே உங்கிட்ட ஒட்டுவா."

ரெண்டு பேரும் அழுதோம். அக்கா அழுதா இருமல் வருது, இருமினா நான் முதுகைத் தடவறேன், தடவினா எனக்கு இன்னும் அழுகை வருது.

இவர் ஹால்ல இருந்து, "ஏம்மா, காப்பி ஏதாச்சும் கெடைக்குமா?"ன்னார்.

"இருங்க!"ன்னோம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல.

பையில இருந்த சேலையை நான்தான் எடுத்து அலமாரியில திரும்ப வெச்சேன். உள்ள தாரணியோட போட்டோ இருந்துச்சு. அதையும் எடுத்துத் தொடைச்சு வெளிய வெச்சேன்.

ஜூன் 23, வெள்ளி

பத்து. வடை உண்டு.

ஜூன் 27, செவ்வாய்

தொண்டையில இருந்து நெஞ்சு வரைக்கும் எரியுது, சோறு இறங்க மாட்டேங்குதுங்கறாங்க. உணவுக்குழாய் பக்கத்துலயே கரண்ட் போறதால அப்படித்தான் இருக்கும், ரெண்டு வாரத்துல சரியாகிரும்னாங்க டாக்டர். கம்மங்கூழை மோர்ல கரைச்சு, துணியில வடிகட்டி, ஆறவெச்சுக் குடுத்தேன். ஒரு டம்ளருக்கு முக்கால் மணி நேரம். நான் அவசரப்படுத்தலை. டெலிபோன் ஆபீஸ் கதையெல்லாம் சொன்னேன். டிரங்க் கால்ல சண்டை போட்டுக்கற புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல நான் ஹெட்போனோட உக்காந்திருந்த கதைக்கு அக்கா சிரிச்சு, கூழ் மூக்குல ஏறிருச்சு.

தாரணி போன் பண்ணினா. செவ்வாய்க்கிழமைதானே, எனக்குத்தான். ஸ்பீக்கர்ல போட்டு நடுவுல வெச்சேன். அக்காவுக்கு இருமல் வந்துச்சு. "அம்மா, பெரிம்மாவும் இருக்காங்களா?"ன்னா. "இருக்காங்க, பேசு"ன்னேன். நாப்பது நிமிஷம் பேசினா.

ஜூன் 30, வெள்ளி

பதினஞ்சும் முடிஞ்சுது. ஹால்ல மைசூர்பாகு குடுக்கலாம்னு இவர். அக்காவாலதான் முழுங்க முடியாதேன்னு, எல்லாருக்கும் இளநி வாங்கிட்டார். பதினாலு இளநி. ஆட்டோக்காரர் தூக்கிட்டு வந்தார்.

குளிக்கறப்ப ஊதாக் கோட்டைத் தேய்ச்சு எடுத்தேன். ரெண்டு நாளாகும் போல முழுசாப் போக.

ஜூலை 1, சனி

அக்கா ஊருக்குக் கிளம்பணுங்கறாங்க. அஞ்சாம் தேதி அடுத்த ஊசி, அது வரைக்கும் எதுக்கு அலையறீங்கன்னேன்.

ஜூலை 6, வியாழன்

ஊசி போட்ட மறுநாளே பஸ்ஸுல குலுங்கக்கூடாது. டாக்டர் சொல்லலை, நான் சொன்னேன்.

ஜூலை 11, செவ்வாய்

மேட்டுப்பாளையம் ரோட்டுல பாலம் வேலையாம், ஒரே தூசி. தூசி ஆகாது. கோபிக்குப் போக அந்த ரோடே இல்லைன்னு இவர் சொல்ல வந்தார். ஒரு பார்வை பாத்தேன். பேப்பரை விரிச்சுக்கிட்டார்.

ஜூலை 19, புதன்

இன்னிக்கு அக்கா போறேன்னு சொல்லவே இல்ல. தட்டைப்பயறுக் குழம்பு அவங்களே வெச்சாங்க. தொண்டை எரிச்சல் போயிருச்சு. ரெண்டு தோசை. எடை ஒண்ணரைக் கிலோ கூடியிருக்கு.

ஜூலை 26, புதன்

மூணாவது ஊசி. ஆகஸ்ட் மூணாந்தேதி ஆடிப் பதினெட்டு. பவானிக்குப் போய் ஆத்துல கால் நனைச்சுட்டு வரோணும்னு அக்காவுக்கு ஆசை. மூணு பேரும் ஒட்டுக்காப் போலாம்னு பேச்சு. டாக்டரும், போயிட்டு வாங்க, கூட்டத்துல மாஸ்க் போட்டுக்கங்கன்னாங்க.

ஜூலை 29, சனி

பால் வாங்கப் போயிட்டு ஒண்ணா ஏறி வந்தோம். முதல் மாடித் திருப்பத்துல அக்கா நின்னுட்டாங்க. ஜன்னல் வழியா வெளிய பாத்து, "அந்தக் காக்காயைப் பாரு"ன்னாங்க. காக்கா எதுவும் இல்ல.

ஜூலை 30, ஞாயிறு

இன்னிக்கும் அதே இடத்துல நின்னாங்க. இன்னிக்குக் காக்காகூடச் சொல்லலை. மேல வந்து நாக்காலியைப் புடிச்சுட்டு நின்னப்ப தோள் ரெண்டும் ஏறி இறங்குது. வறட்டு இருமல். நெத்தி லேசாச் சுடுது.

"பெனிட்டாவுக்குப் போன் போடறேனுங்க்கா."

"சும்மா இரு. இன்னும் நாலு நாள்ல ஆடி நோம்பி. போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"அவங்க குடுத்த சீட்டுல எழுதியிருக்கு. மூச்சு வாங்கினா உடனே கூப்பிடணும்."

"உங்கிட்டப் படிச்சுக் காட்டச் சொல்லி நான் கேட்டனா? என்னை ஒரு நோம்பிக்குப் போக விடமாட்டியா?" கண்ணுல தண்ணி. "அடுத்த நோம்பிக்கு இருப்பனோ என்னமோ மணி."

அந்த வார்த்தையில ஒரு நிமிஷம் கை நின்னு போச்சு. போகட்டுமே, ஆசைப்படறாங்களேன்னு தோணுச்சு. அப்பறம் தோள் ஏறி இறங்கறதைப் பாத்தேன். என்மேல கோவிச்சுக்கட்டும், இன்னொரு இருபத்தேழு வருஷம் பேசாம இருக்கட்டும்னு நினைச்சு நம்பரை அழுத்தினேன்.

ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம பெனிட்டா எடுத்தா. "இப்பவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. டாக்டர்கிட்டச் சொல்லிடறேன்."

ஜூலை 31, திங்கள்

நுரையீரல்ல வீக்கம். புத்தால இல்ல, வைத்தியத்தால வந்தது. ஊசியாலயும் வரலாம், கரண்டாலயும் வரலாம், ரெண்டும் சேந்தும் வரலாம், பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னாங்க டாக்டர் ஹசீனா. ஸ்டீராய்டு ஏத்தறாங்க, மூக்குல ஆக்சிஜன் குழாய். அடுத்த ஊசி இப்போதைக்கு இல்ல.

"எழுப்பிவிட்ட காவல்காரன் ஊட்டுக்காரனையே அடிக்கறானாக்கும்"னாங்க அக்கா, குழாயோட.

"கரெக்ட்டாச் சொன்னீங்கம்மா"ன்னாங்க டாக்டர். என்னை வெளிய கூப்பிட்டு, "நேத்தே வந்தது நல்லதாப் போச்சு. நோம்பி முடிச்சுட்டு வந்திருந்தா ரொம்பச் சிரமமாயிருக்கும்"னாங்க.

உள்ள திரும்பி வந்தேன். அக்கா கண்ணை மூடியிருந்தாங்க. கோபம்னு நினைச்சேன். கையை நீட்டி என் முந்தானையைப் புடிச்சு அப்படியே வெச்சுக்கிட்டாங்க.

ஆகஸ்ட் 2, புதன்

தாரணி வந்துட்டா. புனேயில இருந்து விமானம். நேரா வார்டுக்கு, தோள்ல பையோட. கட்டில் ஓரத்துல உக்காந்து அக்கா காலைப் புடிச்சுக்கிட்டு, "பெரிம்மா, பெரிம்மா"ன்னு அழறா. முப்பத்தினாலு வயசுப் பொம்பளை.

நான் பிளாஸ்க்கை எடுத்துட்டு வெளிய வந்துட்டேன். பெஞ்சுல இவர் இருந்தார்.

"நீ உள்ள போகலையா?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டும். அவங்களுக்குள்ள பேச இருக்கும்."

இவர் எம்பக்கமா நகந்து உக்காந்தார். வருத்தமான்னு என்னை நானே கேட்டுப் பாத்தேன். கொஞ்சம் இருந்துச்சு. பழைய மாதிரி இல்ல.

கால் மணி கழிச்சுத் தாரணி கதவைத் திறந்து தலையை நீட்டினா. மூக்கெல்லாம் செவந்திருக்கு. "அம்மா, நீ வா. கஞ்சி நான் ஊட்டினா வேண்டாமாம். நான் சூடு பாக்காமக் குடுக்கறனாம், அவசரப்படறனாம். மணியை வரச் சொல்லுங்கறாங்க."

போனேன். ஸ்பூனை வாங்கினேன். தாரணி பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. அவ தலை கனமா இருந்துச்சு. கை மரத்துப் போச்சு. நான் நகரலை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. தாரணி காலைலயே வாடகைக்குக் காரெடுத்துட்டுப் பவானி போய், ஒரு சொம்புல ஆத்துத் தண்ணி கொண்டு வந்தா. தொத்து ஆகும்னு நர்ஸ் உள்ள விடலை. கண்ணாடிக்கு வெளிய நின்னு சொம்பைத் தூக்கிக் காட்டினா. அக்கா கட்டில்ல இருந்தே கும்பிட்டாங்க.

ஆகஸ்ட் 9, புதன்

வீடு. மாத்திரை குறைச்சுக் குறைச்சு ஒண்ணரை மாசம். ஸ்டீராய்டுப் பசிக்கு அக்கா நாலு வேளை சாப்பிடறாங்க. முகம் உப்பி, கல்யாணத்தப்ப இருந்த மாதிரி இருக்காங்க. அதைச் சொன்னேன். "நீ எங்க என் கல்யாணத்தைப் பாத்தே?"ன்னாங்க. போட்டோவுல பாத்ததுதான்.

செப்டம்பர் 20, புதன்

ஸ்கேன் பாத்துச் சொல்ற நாள். காலைல இருந்து இவருக்கு மூணு தடவை பாத்ரூம்.

நுரையீரல்ல இருந்த கட்டி பாதிக்கு மேல சுருங்கிருச்சு. சுரப்பியில இருக்கறது அப்படியே இருக்கு, வளரலை. புதுசா எங்கயும் இல்ல. வீக்கம் வத்திருச்சு. ஊசியைத் திரும்ப ஆரம்பிக்கறதா, கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கறதான்னு அடுத்த மாசம் முடிவு பண்ணுவாங்களாம்.

"போயிருச்சுன்னு சொல்ல மாட்டேங்கம்மா. இப்போதைக்கு அடங்கியிருக்கு. அது நல்ல சேதி"ன்னாங்க டாக்டர்.

"அடங்கியிருந்தாப் போதுங்க. நானும் அடங்கி இருந்துக்கறேன்."

ஹால்ல ஆரோக்கியசாமி. தினம் ரெண்டு மணி நேரம் பட்டறைக்குப் போறாராம். அஞ்சு நாள் வெச்சவருக்கு வீக்கம் எதுவும் வரலை. ஆனா அவர் கட்டி அக்காவுது அளவுக்குச் சுருங்கலையாம். நான் பெனிட்டாவைப் புடிச்சேன். "அப்ப எதும்மா நல்லது? அஞ்சா, பதினஞ்சா?"

"ரெண்டு பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. எத்தனையோ ஆஸ்பத்திரியில முன்னூறு பேர் சேரணும், எல்லாரையும் தொடர்ந்து பாக்கணும். நாலு வருஷம் ஆகும்." கையில ஒரு தாள் வெச்சிருந்தா. "முடிவு வந்ததும் கலந்துக்கிட்டவங்களுக்குக் கடிதம் எழுதுவோம். வேணுமா வேண்டாமான்னு குறிக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

"நாலு வருசமா? அப்ப நான் இருப்பனா கண்ணு?"ன்னாங்க அக்கா, வெல என்னன்னு கேக்கற மாதிரி.

பெனிட்டா தாளையே பாத்துட்டு நின்னா. அவளுக்குக் கண்ணு நனைஞ்சு போச்சு. அக்காதான் அவ கையைத் தட்டிக் குடுத்தாங்க. "செரி விடு, நீ சொல்லக்கூடாது. வேணும்னே போடு. நான் இருந்தா எனக்கு எழுது. இல்லீன்னா இவளுக்கு எழுது. எனக்கு வெச்சது நல்லதாத்தான் இருந்துச்சான்னு இவ தெரிஞ்சுக்கோணும். இல்லீன்னா அதையே நினைச்சுட்டிருப்பா."

பெனிட்டா என் பேரை எழுதினா. வசந்தாமணி. விலாசம் எழுதினா. "உறவு என்னன்னு போடட்டும்? தங்கச்சின்னு போட்டுரட்டுமா?"

நான் தலையாட்டினேன்.

"இல்ல. ஓரகத்தின்னே போடு"ன்னாங்க அக்கா.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நாலு மாசம் ஆச்சே, இன்னுமான்னு. அக்கா என்னைப் பாக்கலை, அந்தப் பொண்ணைப் பாத்தே சொன்னாங்க. "தங்கச்சின்னா கூடப் பொறந்த கடனுக்குப் பாத்திருப்பா. ஓரகத்திக்கு என்ன தலையெழுத்து? போடீன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலையே, நின்னாளே. அதனால அதையே போடு."

"எங்க ஊர்ல வேற மாதிரி சொல்லுவோம்மா"ன்னா பெனிட்டா, பேனாவைத் தாள்ல வெச்சுக்கிட்டே. "எப்படி எழுதணும்? சின்ன ரவா, பெரிய றவா?"

"சின்ன ர"ன்னேன். தாள் பக்கம் குனிஞ்சு, எழுத்தெழுத்தாச் சொன்னேன்.